மரணத்தை நெருங்கும் அப்பாவுக்கும் அவருடைய மகனுக்கும் அக்கம்பக்கத்தார் எப்படித் துணையாக இருப்பது?

நீங்கள் எழுதியிருப்பதை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரே காம்பவுண்டில் எதிர்வீட்டில் ஒரு அப்பாவும் பிளஸ் ஒன் படிக்கும் மகனும் மட்டும் இருக்கிறார்கள். பையனின் அம்மா முன்பே காலமாகிவிட்டார். அப்பாவுக்குக் கன்னத்தில் தொடங்கிய வாய்ப்புற்று கழுத்துவரை இறங்கிவிட்டது. ‘இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். ஊரிலிருந்து அத்தை அவ்வப்போது வந்து போகிறார். உங்களுக்கு அவர்களோடு பெரிய பழக்கம் கிடையாது. போனால் என்ன பேசுவது, பையனிடம் உண்மையைச் சொல்லலாமா, தொந்தரவாகிவிடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் இந்த மூன்று கேள்விகளுக்கும் அடியில் இருப்பது வேறொன்று என்று எனக்குப் படுகிறது: சொந்தக்காரரும் இல்லாத, மருத்துவமும் தெரியாத ஒருவருக்கு அந்த வீட்டுக்குள் என்ன வேலை? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நான் செவிலியர். படுக்கையில் இருப்பவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் வலிதணிப்புச் சிகிச்சைக் குழுவில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். வாய்ப்புற்று நோயாளிகளே எங்களிடம் அதிகம். ஆகவே நீங்கள் சொல்லும் வீடு எப்படியிருக்கும் என்பது ஓரளவு தெரியும். மருந்தளவு போன்றவற்றை நேரில் பார்க்காமல் சொல்ல மாட்டேன், அதைக் கேட்கவும் வேண்டாம். ‘இன்னும் எத்தனை நாள்’ என்ற கேள்விக்கும் என்னிடம் பதில் இல்லை. அனுபவமுள்ள மருத்துவர்களே இதில் தவறுகிறார்கள், பெரும்பாலும் உள்ளதைவிடக் கூடுதலான நாட்களைச் சொல்லி.

அந்த வீட்டில் உங்களுக்கான வேலை இதுதான்: அந்தப் பையன் மகனாக இருப்பதற்கு நேரம் உண்டாக்கிக் கொடுப்பது. இப்போது அவன் செவிலியன், சமையற்காரன், மருந்துக்கடைக்கு ஓடுகிறவன், வருகிறவர்களுக்கு நிலவரம் சொல்கிறவன். பதினாறு வயதில் இத்தனையும் செய்துவிட்டு, அப்பா பக்கத்தில் சும்மா உட்கார அவனுக்குப் பொழுது இருக்காது. தண்ணீர்க் குடம், காஸ் சிலிண்டர், மருந்துச் சீட்டு, ரேஷன் கடை வரிசை ஆகியவற்றில் இரண்டை நீங்கள் எடுத்துக்கொண்டால் அப்பாவுக்கும் மகனுக்கும் தினம் ஒரு மணி நேரம் மிஞ்சும். அதற்கு மருத்துவமும் வேண்டாம், சொந்தமும் வேண்டாம்.

இது என் சொந்தக் கருத்து மட்டும் இல்லை. கோழிக்கோட்டில் 1993-இல் மருத்துவர்கள் ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் நண்பர்களோடு சேர்ந்து வலிதணிப்புச் சிகிச்சைச் சங்கத்தைத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளிலேயே அவர்களுக்கு ஒன்று தெளிவானது: நோயாளியின் நாளில் மருத்துவருக்கும் செவிலியருக்கும் உள்ள பங்கு மிகச் சிறியது, மீதி நேரம் முழுவதும் அக்கம்பக்கத்தார் கையில்தான் இருக்கிறது. மலப்புறம் மாவட்டத்தில் ஆசிரியர்களும் கடைக்காரர்களும் ஆட்டோ ஓட்டுநர்களும் பயிற்சி எடுத்துக்கொண்டு, வாரம் சில மணி நேரம் தங்கள் தெருவில் உள்ள நோயாளியின் வீட்டுக்குப் போவது அப்படித்தான் பரவியது. கேரள அரசு 2008-இல் வலிதணிப்புச் சிகிச்சைக்கென்று தனிக்கொள்கை வகுத்ததற்கும் இந்த வேலையே அடித்தளம். உலகம் முழுவதும் இத்துறையின் தாயாகக் கருதப்படும் சிசிலி சாண்டர்ஸ் அம்மையாரின் கதையும் இப்படித்தான் தொடங்குகிறது. 1948-இல் லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் செத்துக்கொண்டிருந்த டேவிட் டாஸ்மா என்ற போலந்து யூத அகதியோடு அவர் நட்பானார். அந்த மனிதருக்கு அந்த நகரத்தில் சொந்தம் என்று யாரும் இல்லை. அவர் தம் சேமிப்பில் 500 பவுண்டை விட்டுச் சென்றார், நீங்கள் கட்டப்போகும் இல்லத்தில் நான் ஒரு ஜன்னலாக இருப்பேன் என்று சொல்லி. மரணத்தை நெருங்குபவர்களைப் பராமரிப்பதற்கான அந்த இல்லம் 1967-இல் திறந்தது. ஒரு அந்நியரின் கட்டிலருகே உட்கார்ந்ததிலிருந்து வந்ததுதான் நான் இன்று செய்யும் தொழிலே.

முதல் முறை எப்படிப் போவது? பழம் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். வாய்ப்புற்று நோயாளிக்கு ஆப்பிளும் ஆரஞ்சும் கொண்டுபோய்க் கொடுப்பதை வாரம்தோறும் பார்க்கிறேன். வாயைத் திறக்கவே முடியாதவருக்கு அது எப்படியிருக்கும் என்று யாரும் யோசிப்பதில்லை. ‘என்ன உதவி வேண்டுமானாலும் கேளுங்கள்’ என்றும் சொல்லாதீர்கள். தன்மானம் உள்ள யாரும் கேட்க மாட்டார்கள். குறிப்பாகச் சொல்லுங்கள்: ‘அண்ணே, நாளைக்குக் காலையில் நான் பெரிய ஆஸ்பத்திரிப் பக்கம் போகிறேன், மருந்துச் சீட்டைக் கொடுத்தால் வாங்கி வந்துவிடுவேன்.’ சொன்ன நேரத்துக்கு வாங்கி வந்து கொடுங்கள். அடுத்த முறை செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வருகிறேன் என்றால் செவ்வாய்க்கிழமை சாயங்காலமே போங்கள். படுத்திருப்பவர் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பார். முடியாத நாளில் முடியாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும். தினம் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பத்தாம் நாள் காணாமல் போவதைவிட வாரம் இரண்டு நாள் தவறாமல் போவது மேல்.

உள்ளே போனால் நின்றுகொண்டு பேசாதீர்கள். அவர் கண் மட்டத்துக்கு வரும்படி ஸ்டூலில் உட்காருங்கள். பெரும்பாலும் அவரால் தெளிவாகப் பேச முடியாது. ஒரு சிலேட்டும் பலப்பமும் வாங்கிக் கொடுத்தால் பெரிய உதவி. அவர் எழுதி முடிக்கும்வரை பொறுங்கள், பாதியில் வாக்கியத்தை நீங்களே முடித்து வைக்காதீர்கள். ‘ஒன்றும் ஆகாது, எல்லாம் சரியாகிவிடும்’ என்ற சொல் வாயில் வரும், அதை விழுங்கிவிடுங்கள். அது பொய் என்று அவருக்குத் தெரியும். அதைச் சொன்னதும் இவரிடம் உண்மையைப் பேச முடியாது என்று முடிவுகட்டிவிடுவார். அவர் தலைமாட்டில் நின்றுகொண்டு ‘இப்படிக் கஷ்டப்படுவதற்குச் சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் தேவலை’ என்று உறவினர்கள் பேசுவதும் நம்மிடம் சகஜம். காது கேட்கிற மனிதர் முன்னால் அதைச் சொல்ல விடாதீர்கள், மெல்ல வெளியே அழைத்துப் போய்விடுங்கள். நோயைப் பற்றித்தான் பேச வேண்டும் என்றும் இல்லை. அவர் பார்த்த தொழில், காம்பவுண்டுச் செய்தி, கிரிக்கெட் எதுவானாலும் சரி. நோயாளியாகவே நடத்தப்பட்டுச் சலித்துப்போனவருக்கு, வேறு பேச்சு பேச ஓர் ஆள் கிடைப்பது பெரிய காரியம். பேச்சே இல்லாமல் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாலும் போனது வீண் இல்லை.

கழுத்தில் புண் உடைந்திருந்தால் வாடை இருக்கும். இதை மறைமுகமாகச் சொல்லிப் பயனில்லை. அந்த வாடைக்காகத்தான் பலர் வாசலோடு திரும்புகிறார்கள், அதை அவர் கவனிக்கிறார், தன் உடம்பைத் தானே வெறுக்கத் தொடங்குகிறார். பையன் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போகிறான், அதற்காகக் குற்றவுணர்ச்சி வேறு. இதற்கு வழி இருக்கிறது. மெட்ரோநிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவிக் கட்டுப்போடுவது எங்கள் வழக்கம். விலை குறைந்த மாத்திரை. சில நாட்களில் வாடை நன்றாகக் குறைந்துவிடும். எப்படிச் செய்வது என்று செவிலியர் ஒருமுறை நேரில் காட்டிக் கொடுத்தால் வீட்டிலேயே செய்யலாம். இது சீழ் வாடைதான், தொற்றிக்கொள்ளும் நோய் இல்லை. புற்றுநோய் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது. காம்பவுண்டில் யாராவது அப்படிப் பேசினால் அங்கேயே மறுத்துவிடுங்கள்.

இன்னொன்றும் உங்களிடம் சொல்லி வைக்க வேண்டும். கழுத்துப் புண் ஆழமாகப் போகும் நோயாளிகளில் சிலருக்குத் திடீரென்று அதிக ரத்தப்போக்கு ஏற்படலாம். எல்லோருக்கும் வராது, இவருக்கு வருமா என்பது பார்க்கும் மருத்துவருக்கே தெரியும். அதை அவரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். எச்சரிக்கைக்காகக் கட்டிலருகில் கருஞ்சிவப்பு அல்லது அடர்நீலத் துண்டுகள் சில இருக்கட்டும். வெள்ளைத் துணியில் ரத்தத்தைப் பார்த்தால் நோயாளியும் பையனும் பயந்துபோவார்கள், அடர்நிறத் துணியில் அவ்வளவாகத் தெரியாது. அந்த நேரத்தில் யாரைக் கூப்பிடுவது என்பதும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.

வலி பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியவை சில உண்டு. புற்றுநோய் வலியைப் பெரும்பாலும் அடக்க முடியும். வாய்வழி மார்ஃபின் அதற்கு முதன்மையான மருந்து, மாத்திரையானால் வழக்கமாக நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை. வலி வந்தபின் கொடுப்பதற்கு இல்லை, வராமல் தடுப்பதற்கு நேரம் தவறாமல் கொடுப்பது. கூடவே மலச்சிக்கலுக்கும் மருந்து கொடுத்தாக வேண்டும், அது விட்டுப்போனால் வயிற்று வலியில் நோயாளி மார்ஃபினையே வேண்டாம் என்பார். முறையாக அளவு பார்த்துக் கொடுக்கும் மார்ஃபின் வலிக்காகச் சாப்பிடுகிறவரைப் போதைக்கு அடிமையாக்குவதும் இல்லை, மரணத்தை விரைவுபடுத்துவதும் இல்லை. ‘மார்ஃபின் தொடங்கிவிட்டால் முடிந்துவிட்டது’ என்று உங்கள் காம்பவுண்டிலும் யாராவது சொல்வார்கள். அந்தப் பயத்தாலேயே மாத்திரையை டப்பாவில் வைத்துக்கொண்டு துடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். மார்ஃபின் அபினியிலிருந்து எடுக்கப்படுவது. நாட்டில் மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு அனுமதியோடு அபினி பயிராகிறது. ஆனால் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் நம் நோயாளிகளுக்கே மார்ஃபின் கிடைக்காமல் போனது. 2014-இல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். இருந்தும் எல்லா மருந்துக்கடையிலும் கிடைக்காது, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளில்தான் வாங்க வேண்டும். நீங்கள் எடுத்துக்கொள்ளக்கூடிய மிகச் சிறந்த வேலை இந்த அலைச்சல்தான். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்க் கேளுங்கள். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களை வீட்டுக்கே வந்து பார்க்கும் வலிதணிப்புச் சேவையும் உண்டு. 104 என்ற எண்ணில் விசாரிக்கலாம். முதல் முறை பதில் சரியாக இல்லையென்றால் விட்டுவிடாதீர்கள், நேரில் போய் நில்லுங்கள்.

அடுத்தது சாப்பாடு. இதில்தான் வீட்டுக்கு வீடு சண்டை. ‘நாலு வாய் உள்ளே போனால் தெம்பு வரும்’ என்று அத்தை கஞ்சியோடு நிற்பார், அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நோய் முற்றும்போது பசி தானாக அடங்கிவிடுகிறது. சாப்பிடாததால் அவர் சாகவில்லை, மரணம் நெருங்குவதால் சாப்பிடவில்லை. இதை அத்தையிடம் யாராவது பொறுமையாகச் சொல்ல வேண்டும். மூக்குக் குழாய் இருந்தால் அளவும் நேரமும் செவிலியர் சொன்னபடி, தலையை உயர்த்தி வைத்துக்கொண்டுதான் ஊற்ற வேண்டும். குளுக்கோஸ் ஏற்றலாமா என்று கேட்பார்கள். கடைசி நாட்களில் அது ஆயுளைக் கூட்டுகிறதா, நோயாளிக்குச் சுகம் தருகிறதா என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே கருத்து ஒன்றாக இல்லை. என் கண்ணில் பட்டவரை பலருக்கு நெஞ்சில் சளி கூடி மூச்சு இரைச்சல்தான் அதிகமாகியிருக்கிறது. ஆனால் அதை எல்லோருக்கும் விதியாகச் சொல்ல மாட்டேன். வாயை ஈரமாக வைப்பது மட்டும் நிச்சயமாகச் சுகம் தரும். உப்பும் சோடா உப்பும் கலந்த நீரில் துணியை நனைத்துத் துடைத்துவிட்டு, உதட்டில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவுங்கள். இது பையனால் செய்யக்கூடிய வேலை, செய்யும்போது அப்பாவின் முகத்துக்கு அருகில் இருப்பான்.

இனிப் பையன். அவனிடம் உண்மையைச் சொல்லலாமா என்றீர்கள். சொல்ல வேண்டும். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள் இல்லை. அப்பா சொல்ல வேண்டும், முடியாவிட்டால் அத்தை அல்லது மருத்துவர். உங்கள் வேலை அந்தப் பேச்சு நடப்பதற்கு வழி செய்வது. அப்பாவிடம் தனியாக இருக்கும்போது, ‘தம்பிக்கு எவ்வளவு தெரியும் அண்ணே?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘அவனுக்குத் தெரிய வேண்டாம், படிப்பு கெட்டுவிடும்’ என்பார். பையனிடம் போனால் ‘அப்பாவுக்குத் தெரிய வேண்டாம், உடைந்துபோவார்’ என்பான். ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டு, இருவரும் தனித்தனியாக அழுகிற வீடுகளை எத்தனையோ பார்த்துவிட்டேன். பதினாறு வயதுப் பையன் செல்போனில் நோயின் பெயரைத் தேடாமலா இருந்திருப்பான்? அவனுக்குத் தெரியாதது நோய் இல்லை. அதைப் பற்றிப் பேச அனுமதி உண்டா என்பதுதான் தெரியாது. அப்பாவிடம் அதை அப்படியே சொல்லுங்கள். அழுத்த வேண்டாம். ஒருமுறை சொல்லிவிட்டு விட்டுவிட்டால் பல அப்பாக்கள் சில நாளில் தாங்களே வழிக்கு வருகிறார்கள். சிலர் கடைசிவரை வருவதில்லை, அதற்கும் அவர்களுக்கு உரிமை உண்டு.

பையன் உங்களிடமே நேரடியாகக் கேட்டுவிட்டால்? ‘அண்ணா, அப்பா செத்துப்போய்விடுவாரா?’ என்று ஒரு நாள் தண்ணீர்க் குழாயடியில் நிற்கும்போது கேட்பான். பெரிய பேச்சுக்கெல்லாம் இந்த வயதுப் பையன்கள் அப்படிப்பட்ட இடத்தைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். பொய் சொல்லாதீர்கள். ‘நீ என்ன நினைக்கிறாய்?’ என்று கேளுங்கள். அவன் சொல்வதைக் கேட்டுவிட்டு, ‘ஆமாம் தம்பி, நோய் குணமாகிற கட்டத்தைத் தாண்டிவிட்டது என்றுதான் டாக்டர்கள் சொன்னார்களாம், அப்பாவுக்கு வலி இல்லாமல் பார்த்துக்கொள்ள முடியும்’ என்ற அளவில் நிறுத்துங்கள். இந்தப் பேச்சு நடந்ததை அத்தையிடமோ அப்பாவிடமோ சொல்லிவிடுங்கள். பொதுவாகவே, பையனோடு நீங்கள் பழகுவது பெரியவர்கள் அறிய, கதவு திறந்திருக்க நடப்பது இருவருக்கும் நல்லது. ‘இனி நீதான் வீட்டுக்குப் பெரிய மனிதன்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சாவு வீட்டில் இதைச் சொல்லாத மாமா இல்லை. அழுவதற்கு இருந்த உரிமையையும் பறித்துக்கொள்கிற பேச்சு அது. கோபப்படுவான், கிரிக்கெட் ஆடப் போய்விட்டு நேரம் கழித்து வருவான், அப்பா முனகும்போது காதில் பாட்டை மாட்டிக்கொள்வான். அதையெல்லாம் பாசமில்லாமை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்பாவின் சம்மதத்தோடு வகுப்பாசிரியரிடம் விஷயத்தைச் சொல்லி வைத்தால் வருகைப்பதிவு, மாதத்தேர்வு போன்ற தொல்லைகள் குறையும்.

அவர்கள் சேர்ந்திருக்கும் நேரத்தில் என்ன செய்வார்கள் என்று நீங்கள் கவலைப்பட வேண்டாம். வயரிங் வேலை பார்த்த ஒரு அப்பா நினைவுக்கு வருகிறார். இதே நோய், பேச்சு அறவே போய்விட்டது. கட்டிலுக்கு மேலிருந்த மின்விசிறி மெதுவாகச் சுற்றியது. அவருக்கோ மூச்சுத்திணறல், முகத்தில் காற்று பட்டால் கொஞ்சம் ஆசுவாசம். நான் கட்டு மாற்றிக்கொண்டிருந்தபோது சிலேட்டில் ‘கெப்பாசிட்டர்’ என்று எழுதி மகனிடம் காட்டினார். பையன் கடைக்கு ஓடி வாங்கி வந்தான். மெயினை அணைத்துவிட்டு ஸ்டூல்மேல் ஏறி நின்றான். அப்பா கீழே படுத்தபடி விரலாலேயே எந்த வயர், எந்தப் பக்கம் என்று காட்டினார். தவறான வயரில் கை வைத்தபோது கட்டில் சட்டத்தைத் தட்டினார். விசிறி வேகமாகச் சுற்ற ஆரம்பித்ததும் சிலேட்டை எடுத்துப் பழைய எழுத்தை உள்ளங்கையால் அழித்துவிட்டு ‘கூலி எவ்வளவு?’ என்று எழுதினார். அந்தப் பையன் சிரித்ததை அந்த வீட்டில் முதன்முறையாக அன்றைக்குத்தான் பார்த்தேன். வெளியாட்கள் ஏற்பாடு செய்யக்கூடிய விஷயங்கள் இல்லை இவை. அவன் கையில் அந்த நேரத்தில் குடம் இல்லாமல் இருந்தால் போதும், தானாக நடக்கும்.

காகித வேலைகள் சில உள்ளன, அவர் தெளிவாக இருக்கும்போதே முடிக்க வேண்டியவை. பையனுக்குப் பதினெட்டு ஆகவில்லை, அம்மாவும் இல்லை. ஆகவே அவனுக்கு யார் பொறுப்பு என்பதை அப்பா எழுதி வைப்பது அவசியம். இந்துக் குடும்பமானால், உயிலின் மூலம் மகனுக்குப் பாதுகாவலரை நியமிக்க 1956-ஆம் ஆண்டுச் சட்டம் தந்தைக்கு வழி தருகிறது. உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டியதில்லை, பதிவும் கட்டாயமில்லை. ஆனால் இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டிருக்க வேண்டும். இதற்கு மேல் நான் சொல்வது முறையாகாது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் குழந்தைகளுக்கு இலவச சட்ட உதவி உண்டு, அங்கே கேளுங்கள். வங்கிக் கணக்குக்கு நியமனதாரர், ஆதார், ரேஷன் அட்டை, பையனின் சான்றிதழ்கள், அம்மாவின் இறப்புச் சான்றிதழ் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். நீங்கள் கூட்டிப் போகலாம், வரிசையில் நிற்கலாம். ஆனால் பணத்தை உங்கள் கையில் வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள், சொத்துப் பேச்சில் கருத்துச் சொல்லாதீர்கள். நல்லெண்ணம் பழியாக மாறுவது அந்த இடத்தில்தான்.

கடைசி நாட்கள் வரும்போது அடையாளங்கள் தெரியும். நாளில் பெரும்பகுதி தூக்கம், கை கால் குளிர்ச்சி, முழங்காலில் நீலத்திட்டு, சிறுநீர் குறைவு, மூச்சு சிறிது நேரம் நின்று மறுபடி தொடங்குவது. தொண்டையில் கரகரவென்ற சத்தம் கேட்பவர்களைத்தான் வதைக்கும். நினைவு மங்கிய நிலையில் நோயாளிக்கு அது பெரிய துன்பமாகத் தெரிவதில்லை என்றே நாங்கள் கருதுகிறோம், ஒருக்களித்துப் படுக்க வைத்தால் குறையும். இவற்றைப் பையனுக்கு முன்கூட்டியே யாராவது சொல்லிவைத்தால் அந்த நேரத்தில் அவன் பதறமாட்டான். சொந்தக்காரர்கள் கூடிப் பால் ஊற்றுவார்கள். வழக்கத்தைத் தடுக்க வேண்டாம், கரண்டியால் ஊற்றாமல் விரல்நுனியில் தொட்டு உதட்டில் வைக்கச் சொல்லுங்கள். விழுங்க முடியாதவருக்கு ஊற்றினால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். காது கடைசிவரை கேட்கும் என்று காலங்காலமாகச் சொல்கிறார்கள். கனடாவில் 2020-இல் வெளியான ஓர் ஆய்வில், நினைவிழந்து மரணத்தை நெருங்கியவர்களில் சிலருடைய மூளை ஒலிக்கு எதிர்வினை காட்டியது தெரிந்தது. பேச்சு அவர்களுக்குப் புரிகிறதா என்பது அதிலிருந்து நிரூபணமாகவில்லை. எப்படியிருந்தாலும் பேசச் சொல்லுங்கள். பையனுக்கு எப்படிப் பேசுவது என்று தெரியாவிட்டால், அன்றைக்குப் பள்ளியில் நடந்ததைச் சொன்னால் போதும். கூட்டத்தில் அவன் ஒரு மூலைக்குத் தள்ளப்படாமல், விரும்பினால் கட்டிலருகே இடம் கிடைக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பார்க்க முடியாது என்று அவன் வெளியே போனால் வற்புறுத்தாதீர்கள். அவன் பக்கத்துக் கடைக்குப் போன ஐந்து நிமிடத்தில் உயிர் பிரிவதும் நடக்கும். அது அவன் குற்றம் இல்லை என்பதை அன்றைக்கே, வாய்விட்டு, அவனிடம் சொல்லுங்கள்.

வீட்டிலேயே இறப்பு நேர்ந்தால் போலீசுக்குப் போக வேண்டியதில்லை, இது நோயால் வரும் இயற்கை மரணம். ஆனால் பார்த்துவந்த மருத்துவரிடம் இறப்புக்கான காரணத்தைக் குறித்துத் தருவாரா என்று முன்பே கேட்டு வையுங்கள். நடு இரவில் அதற்கு அலைவது கொடுமை. 21 நாட்களுக்குள் பதிவு செய்தால் கட்டணம் கிடையாது. அந்தச் சான்றிதழை வைத்துத்தான் வாரிசுச் சான்றிதழ் முதல் எல்லாமே.

பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை வீடு நிறைய ஆள் இருக்கும். அன்றைக்கு நீங்கள் இல்லாவிட்டாலும் யாரும் தேடமாட்டார்கள். பந்தல் பிரித்து, வாடகைப் பாத்திரம் திரும்பிப் போய், உறவினர்கள் பஸ் ஏறிய மறுநாள் போங்கள். பையன் அத்தையோடு ஊருக்குப் போய்விட்டால் வாரம் ஒருமுறை போனில் அழையுங்கள், பேசுவதற்கு ஒன்றுமில்லையென்றாலும். அவன் படிப்பு பாதியில் நிற்காமல் இருக்க அத்தைக்கு வழிகாட்டுங்கள். பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயதுவரை மாதம் 2,000 ரூபாய் தரும் ‘அன்புக்கரங்கள்’ திட்டத்தைத் தமிழக அரசு 2025 செப்டம்பர் 15-இல் தொடங்கியிருக்கிறது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் இதையும் பிற உதவிகளையும் விசாரிக்கலாம். துக்கம் எத்தனை மாதம் இருக்கும் என்று கணக்கில்லை. ஆனால் வாரக்கணக்கில் தூங்காமல் சாப்பிடாமல் இருப்பது, பள்ளியை அடியோடு விடுவது, குடி, ‘நானும் போய்விடுகிறேன்’ என்ற பேச்சு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலி மனஸ் எண்ணில் எந்த நேரமும் மனநல ஆலோசகர்களோடு தமிழிலேயே பேசலாம், மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் இருக்கிறார்.

உங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த வீட்டுக்குப் போய் வருவது உங்களையும் பாதிக்கும். வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள், திரும்பி வந்து யாரிடமாவது மனம்விட்டுப் பேசுங்கள். காம்பவுண்டில் இன்னும் இருவரைச் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது: ஒருவர் இரவுத் துணைக்கு, ஒருவர் பையனுக்குச் சாப்பாடு கொடுக்க. அவர் வலி எந்த அளவில் இருக்கிறது, மூக்குக் குழாய் போட்டிருக்கிறதா, எந்த மாவட்டம் என்பதை எழுதினால், அங்கே எந்த அலுவலகத்தில் போய்க் கேட்க வேண்டும் என்பதை என்னால் இன்னும் குறிப்பாகச் சொல்ல முடியும்.